உமியைக் குத்தும் வாதம்

மலைவாழ் சிறு விவசாயிகள் சாமை விற்பதைப் பற்றி ஒரு வேளாண் வணிக ஆலோசகர் எழுதிய நீண்ட கட்டுரை சென்ற மாதம் என் கைக்கு வந்தது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கட்டுரையில் அவருக்கென்று சொந்தமாக ஒரு வரிகூட இல்லை, அவ்வளவுதான். சிறுதானியத் திருவிழா மேடைகளில் பச்சைத் துண்டைப் போர்த்திக்கொண்டு பேசுகிற எல்லோரும் பேசுவதைத்தான் அவரும் எழுதியிருக்கிறார், கொஞ்சம் நல்ல தமிழில், கொஞ்சம் கெட்ட கணக்கில்.

அவர் சொல்வது இதுதான். நகரத்தில் சாமை அரிசி கிலோ 120 ரூபாய்க்கு விற்கிறது. மலையில் சாமை விளைவிப்பவருக்குக் கிடைப்பது 35. நடுவில் உள்ள 85 ரூபாயை இடைத்தரகர் விழுங்குகிறார். விவசாயி அதைத் தடுக்காததற்குக் காரணம், அவருக்கு விற்கத் தெரியவில்லை. இன்னும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாரச் சந்தைக்குப் போகிறார். போதாததற்கு இலவச அரிசி அவரைச் சோம்பேறியாக்கி, முன்னோர் உணவை மறக்கடித்து, மரவள்ளி போட வைத்துவிட்டது. மருந்து என்ன? கைபேசிச் செயலி, பிராண்டு, ஏற்றுமதி. அரசு மட்டும் விலை விஷயத்தில் தலையிடாமல் இருந்தால் போதும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடம் கணக்கு எழுதியவன் நான். சாமை வாங்கியிருக்கிறேன், விற்றிருக்கிறேன், விற்ற காசுக்காக நாயாய் அலைந்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: 120-லிருந்து 35-ஐக் கழித்தால் 85 என்பது மட்டும்தான் அந்தக் கட்டுரையில் சரியான கணக்கு. அந்தக் கழித்தலையும் அவர் செய்திருக்கக் கூடாது.

ஏனென்றால் 35 ரூபாய்க்கு விற்கிற பொருள் வேறு, 120 ரூபாய்க்கு விற்கிற பொருள் வேறு. விவசாயி விற்பது உமியோடு இருக்கிற சாமை. கடையில் இருப்பது சாமை அரிசி. நெல்லின் விலையையும் அரிசியின் விலையையும் பக்கத்தில் வைத்து இந்தக் கழித்தலைச் செய்தால் தஞ்சாவூரில் சின்னப் பையன்கூடச் சிரிப்பான். சாமை என்றால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. சாமைக்கு உமி உண்டு என்பதே நகரத்துக்குத் தெரியாதே.

எங்கள் நோட்டுப் புத்தகத்துக் கணக்கைச் சொல்கிறேன். வருடத்துக்கு வருடம் எண்கள் மாறும், உருவம் மாறாது. 100 கிலோ சாமை, கிலோ 35 என்றால் 3,500 ரூபாய். மலையில் கதிரடிப்பது பாறைக் களத்தில், இல்லையென்றால் தார்ச்சாலையில். அதனால் கல்லும் மண்ணும் தூசியும் சேர்ந்தே வரும். அதைச் சலித்து, கல் நீக்கி, உமி நீக்கி, உடைந்த நொய்யைப் பிரித்தால் கடைசியில் கையில் நிற்பது 60 கிலோ அரிசி. நல்ல சரக்காக இருந்தால் இரண்டு மூன்று கிலோ கூடும், கலப்புச் சரக்காக இருந்தால் அதுவும் குறையும். ஆக ஒரு கிலோ அரிசிக்குத் தானிய விலை மட்டும் 58 ரூபாய். அரவைக் கூலி 8. லாரி, சாக்கு, ஏற்றுகூலி, இறக்குகூலி சேர்த்தால் 72 பக்கம் வந்து நிற்கும். நகரத்துக் கடை 120-இல் 36-ஐத் தன் பங்காக எடுத்துக்கொண்டு நமக்கு 84 கொடுக்கும். மிச்சமுள்ள 12 ரூபாயில்தான் பாக்கெட், சீட்டு, வரி, எலி தின்றது, வண்டு தின்றது, கடைக்காரர் திருப்பி அனுப்பியது எல்லாம் அடங்க வேண்டும். கட்டுரையாளர் தேடுகிற அந்த 85 ரூபாய்த் திருடனை இந்தக் கணக்கில் எங்கே உட்கார வைப்பது? நான் மூன்று வருடம் தேடினேன், அகப்படவில்லை.

திருட்டே இல்லை என்கிறேனா? இல்லை. வியாபாரியின் தராசு எப்படி ஆடும் என்பதை அருகில் நின்று பார்த்தவன் நான். மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு, தூசிக்கு ஒரு கிலோ, ஈரம் என்று இன்னொரு கிலோ. சரக்கு எலும்பாகக் காய்ந்திருக்கும், ஈரக் கழிவு மட்டும் போகும். மரக்காலில் அளந்து வாங்கும் ஊர்களில் குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் வாங்குபவர் யார், விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இதையெல்லாம் நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இடைத்தரகரை ஒழி என்று எழுதுகிறவருக்கு ஒரு கேள்வி. ராத்திரி பதினோரு மணிக்குப் பிரசவ வலி எடுத்த மருமகளை மலையிலிருந்து இறக்க வண்டிக்கும் மருத்துவமனைக்கும் பணம் கொடுத்தது யார்? உங்கள் செயலியா? ஆடியில் விதைப்புக்கு, திருவிழாவுக்கு, பிள்ளையின் கல்லூரிக்கு என்று பத்திரம் இல்லாமல், கையெழுத்து இல்லாமல் கொடுப்பவர் அதே வியாபாரிதான். அந்தக் கடனுக்கு வட்டி என்று எதுவும் எழுதுவதில்லை. வட்டி என்பது அறுவடை நாளில் அவர் சொல்லும் விலை. முன்பணம் வாங்கிய வாய் விலை பேசாது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கட்டுரையாளர் இதன்மேல் கால் வைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

சாமை காத்திருக்கப் பிறந்த தானியம். உமியோடு இருக்கும்வரை அதற்கு வண்டு பயம் குறைவு. மலை வீடுகளில் தொம்பையில் கொட்டி மண்ணால் மெழுகி மூடிவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். பஞ்ச காலத்துக்கென்றே அப்படி வைத்திருந்தார்கள். உமியை நீக்கிய மறுநாளிலிருந்து கதை வேறு. தவிட்டிலும் முளையிலும் இருக்கிற எண்ணெய் காற்றுப்பட்டுச் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆக இந்தத் தானியத்தின் இயல்புப்படி பார்த்தால், உமியோடு வைத்திருப்பவர் கைதான் ஓங்கியிருக்க வேண்டும். அவர் தைமாதம் விற்க வேண்டியதில்லை. விலை ஏறும்வரை சித்திரை, வைகாசி என்று கால்நீட்டி உட்கார்ந்திருக்கலாம். அரிசி வைத்திருக்கும் நகரத்துக் கடைக்காரர்தான் பதற வேண்டும். நடப்பது நேர்மாறு. தானியத்தால் காத்திருக்க முடிகிறது, வீட்டால் முடியவில்லை. களத்திலிருந்து மூட்டை வீட்டுக்கு வருவதில்லை. நேராக வியாபாரியின் வண்டிக்குப் போகிறது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். கூடம் கீழே சமவெளியில் இருக்கிறது. மூட்டையை இறக்க வண்டி வாடகை. இறக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அரசு விலையே இல்லாத தானியத்துக்கு எந்த விலையை வைத்து மதிப்புப் போடுவார் அங்கிருக்கும் அதிகாரி? அவரும் போனை எடுத்து அதே வியாபாரியைத்தான் கேட்பார்.

செயலிக்கு வருவோம். 2016 ஏப்ரலில் மின்னணு தேசிய வேளாண் சந்தை தொடங்கியபோது நாடு முழுவதும் ஒரே ஏலக் களம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஏலம் என்றால் குறைந்தது இரண்டு பேராவது கேட்க வேண்டும். நிலக்கடலைக்கு, பருத்திக்கு, கொப்பரைக்கு வாங்குகிறவர் வரிசையில் நிற்பார். அங்கே திரை வந்தால் விலை கொஞ்சம் வெளிச்சத்துக்கு வரும். ஆறு மூட்டை சாமைக்கு, அதுவும் மூன்று வீட்டுச் சரக்கு மூன்று நிறத்தில் இருக்கும்போது, எந்த ஊர் வியாபாரி திரையைப் பார்த்துக் கேட்பார்? தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். மலையில் அதிலும் ஒரு பாதி கல். அதில் பாதி சாமை. விளைவதில் விதைக்கும் வீட்டுக்கும் எடுத்தது போக மிஞ்சுகிற மூட்டைகளைக் கைவிரலால் எண்ணலாம். கைபேசி இல்லாதது அவர்கள் குறை இல்லை. எல்லார் கையிலும் இருக்கிறது. தரகரின் எண்ணும் அதில் இருக்கிறது. சென்னையில் என்ன விலை என்பதும் தெரியும். விலை தெரிவதும் விலை கிடைப்பதும் ஒன்று என்று நினைப்பவர்கள் கடன் வாங்கிப் பழகாதவர்கள்.

சரக்கெல்லாம் எங்கே போகிறது என்று கட்டுரையாளர் ஒரு தடவை லாரியைப் பின்தொடர்ந்து போயிருக்கலாம். சிறுதானிய அரவையில் நாட்டுக்கே பெரிய மையம் மகாராஷ்டிரத்து நாசிக். மத்தியப் பிரதேசத்துக் குட்கி என்கிற சாமை, சத்தீஸ்கர் கோதோ என்கிற வரகு, ஒடிசா சரக்கு எல்லாம் அங்கே போய் உமி நீங்கித் திரும்புகிறது. நம் மலைச் சாமையும் அந்த வழியில் போய்விட்டு, பாக்கெட்டுக்குள் புகுந்து, பாரம்பரியம் என்ற முத்திரையோடு சென்னைக்கு வருவதுண்டு. விளைகிற இடத்தில் மில் இல்லை, மில் இருக்கிற இடத்தில் விளைச்சல் இல்லை. விலையை முடிவு செய்வது விளைவிப்பவரும் அல்ல, உண்பவரும் அல்ல. உமியை நீக்குகிறவர்.

சாமைக்கு உமி நீக்குவது நெல்லுக்கு நீக்குவது போல் இல்லை. மணி கடுகளவு. ஒரே மூட்டையில் பெருத்த மணியும் சிறுத்த மணியும் இருந்தால், இயந்திரத்தின் வேகத்தைப் பெரியதற்கு வைத்தால் சிறியது உமியோடு தப்பிவிடும், சிறியதற்கு வைத்தால் பெரியது நொய்யாகிவிடும். கொல்லிமலையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று எத்தனை வகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மண்ணுக்கு, ஒவ்வொரு மழைக்கு. அந்த வளத்தைப் பார்த்து ஆய்வாளர்கள் பூரித்துப்போகிறார்கள், நியாயம்தான். மில்காரருக்கு அது தலைவலி. எங்கள் நிறுவனத்துக்கும் மானியத்தில் ஓர் இயந்திரம் வந்தது. திறப்பு விழா, நாடா, படம் எல்லாம் ஆயிற்று. மும்முனை மின்சாரம் வர எட்டு மாதம். வந்த பிறகு உள்ளே ஒரு பாகம் தேய்ந்தது. அது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், பொருத்தத் தெரிந்தவரும் அங்கிருந்தே வர வேண்டும். அந்த இடைவெளியில் 40 மூட்டை சாமையை எடுத்துக்கொண்டு நாங்களும் அதே வியாபாரியின் வாசலில் போய் நின்றோம். அவர் சிரிக்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிராண்டு போடுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. சட்டையில் பொத்தான் தைப்பது மாதிரிச் சொல்கிறார்கள். 2020-இல் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று திட்டம் போட்டது. நிறுவனத்துக்கு மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவு, பங்குத் தொகைக்கு ஈடாக 15 லட்சம் வரை மானியம். ஆள் சம்பளத்துக்கும் அலுவலக வாடகைக்கும் அது ஆகும். அறுவடை மாதத்தில் ரொக்கமாகக் கொடுத்துச் சரக்கு வாங்கப் பணம் எங்கே? வியாபாரி களத்தில் காசு வைக்கிறார். நாங்கள் சீட்டு வைத்தோம். சீட்டை வைத்து மளிகை வாங்க முடியாது என்று எங்கள் பங்குதாரரே எங்களுக்குப் பாடம் எடுத்தார், தன் மூட்டையை வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்து. நாங்கள் சரக்குக் கொடுத்த நகரத்துக் கடை ஒன்று 60 நாளில் பணம் என்றது. தொண்ணூறாம் நாள் பணம் வரவில்லை. சிக்கு வாடை அடிக்கிறது என்று பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் அடுக்கியது அவர்கள். தரம் கெட்டவர்கள் என்ற பெயர் எங்களுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜூலை 18 முதல், சில்லறைப் பொட்டலமாகக் கட்டிச் சீட்டு ஒட்டிய தானியத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. சாக்கைப் பிரித்து உதிரியாக அள்ளிப் போட்டால் வரி இல்லை. பொட்டலம் கட்டு, பெயர் வை, முன்னேறு என்று ஒரு வாய் சொல்கிறது. கட்டினால் வரி கொடு என்று இன்னொரு வாய் சொல்கிறது. கட்டுரையாளர் முதல் வாயை மட்டும் கேட்டிருக்கிறார்.

விற்கத் தெரியாதவர்கள் என்ற வார்த்தைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த நிலங்களில் மரவள்ளி வந்ததைக் கட்டுரையாளர் பேராசை என்கிறார், மறதி என்கிறார். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் பெருகியபோது அங்கே என்ன நடந்தது? கிழங்கு வாங்க லாரி மலைக்கே ஏறி வந்தது. பிடுங்கிப் போட்டால் காசு. கதிரடிக்க வேண்டாம், புடைக்க வேண்டாம், குத்த வேண்டாம். சாமையை விற்க எட்டு வேலை, கிழங்கை விற்க ஒரு வேலை. எதற்கு வாங்குபவர் இருக்கிறார், எது ரொக்கமாகிறது, எதில் வீட்டுப் பெண்ணின் இடுப்பு ஒடியாமல் தப்பிக்கிறது என்று பார்த்து மாறினார்கள். சந்தை என்ன சொல்கிறது என்று கேட்டு நட என்பதுதானே ஐயா உங்கள் உபதேசம்? அவர்கள் உங்களுக்கு முப்பது நாற்பது வருடம் முன்பே கேட்டு நடந்துவிட்டார்கள். விற்கத் தெரிந்ததால்தான் சாமையை விட்டார்கள். மண் கரைந்ததும், ஆலை விலையை இறக்கியபோது கைபிசைந்து நின்றதும் அதற்கு அவர்கள் கொடுத்த விலை. அதை அவர்கள் மறைப்பதில்லை.

கட்டுரையில் உரல் சத்தத்துக்காக ஏங்கி ஒரு பத்தி இருக்கிறது. விடியற்காலையில் மலைக் கிராமத்தில் உலக்கைச் சத்தம் கேட்டால் சங்கீதம் மாதிரி இருக்குமாம். உலக்கையைப் பிடித்தவர் எவரும் அப்படி எழுத மாட்டார். ஒரு வேளைக்கான சாமையைக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து எடுக்க ஒரு பெண்ணுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போகும். உள்ளங்கை காய்த்துப்போகும். அதற்குப் பிறகு காட்டு வேலை. நியாயவிலைக் கடையில் குத்திய அரிசி கிடைத்தபோது அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டாள். இதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்றால், மாவாட்ட மிக்ஸி வாங்கிய நம் வீடுகளுக்கெல்லாம் என்ன பெயர்?

இலவச அரிசிதான் சாமையைக் கொன்றது என்பதற்குக் காலக் கணக்கும் ஒத்துழைக்கவில்லை. தமிழ்நாட்டில் மாதம் 20 கிலோ அரிசி இலவசமானது 2011 ஜூனில். இந்தியாவில் சாமை, வரகு, தினை வகைக் குறுந்தானியங்கள் 1950-களில் 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விளைந்தன. இப்போது 5 லட்சத்துக்கும் கீழே. அந்தச் சரிவின் பெரும்பகுதி இலவச அரிசி வருவதற்குள் முடிந்துபோனது. 1965-இல் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. அன்றிலிருந்து நெல்லுக்கு ஒரு விலை, ஒரு வாசல், ஒரு தராசு. அரசு வாங்கியது, அரசு விற்றது, நெல் பிழைத்தது. அது தேவைப்பட்டது, நான் மறுக்கவில்லை. பசி தீர்ந்தது அதனால்தான். ஆனால் அறுபது வருடமாக ஒரு தானியத்துக்கு அரசு தோள் கொடுத்துவிட்டு, இன்னொரு தானியத்தைப் பார்த்து நீ சந்தையில் உன் சொந்தக் காலில் நில் என்று சொல்வதற்கு யாருக்கு நாக்கு எழும்? ரேஷன் கடையில் அரிசி இருந்தது சாமைக்குக் கேடில்லை. அந்தக் கடையில் சாமை இல்லாமல் போனதுதான் கேடு.

அரசு தலையிடக் கூடாது என்ற வாதத்துக்குப் பதில் அதே மலையின் பக்கத்துக் கொல்லையில் நிற்கிறது. கேழ்வரகு. மத்திய அரசு 2025-26-க்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். 2022-23-இல் இது 3,578. கம்புக்கும் சோளத்துக்கும் விலை உண்டு. சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு ஆகிய ஐந்துக்கும் அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. 2018-இல் மத்திய அரசு இவற்றை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அரசிதழில் அறிவித்தது. 2023 நிதிநிலை அறிக்கையில் ஸ்ரீ அன்னா என்று பட்டம் கட்டினார்கள். 72 நாடுகள் ஆதரித்து ஐக்கிய நாடுகள் சபை அதே ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பெயர் சூட்டு விழா மூன்று தடவை நடந்தது. குழந்தைக்குப் பால் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

கேழ்வரகுக்குக் கொடுத்தார்கள், நடந்ததைப் பாருங்கள். கர்நாடகத்தின் தென்மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு போகிறது. அதற்காக அரசு விவசாயியிடம் வாங்குகிறது. ஒடிசா 2017-இல் ஏழு மாவட்டங்களில் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடி விவசாயிகளிடம் ஆதார விலைக்குக் கேழ்வரகு வாங்கி, அங்கன்வாடிக் குழந்தைக்கு லட்டாக உருட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரியில் நேரடிக் கொள்முதல் தொடங்கி, 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசி அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இதிலெல்லாம் குறை இல்லாமல் இல்லை. கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். தலைமுறையாக உழுத நிலத்துக்கு வனத்துறைக் கணக்கில் பெயர் இருக்கிற மலைக்காரர் எந்தச் சிட்டாவைக் கொண்டுபோவார்? ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினால் மூட்டை திரும்பும். இத்தனைக்கும் பிறகு, களத்தில் வியாபாரி விலை சொல்லும்போது கேழ்வரகுக்காரர் வாயில் ஒரு வாக்கியம் இருக்கிறது: கட்டாது, நான் அரசாங்கத்துக்குப் போடறேன். அவர் போடாமலே இருக்கலாம். சொல்ல முடிகிறது. சாமைக்காரரிடம் அந்த வாக்கியம் இல்லை.

ஏற்றுமதிக்குக் கட்டுரையாளர் கினோவாவை உதாரணம் காட்டியிருக்கிறார். பொலிவியாவின் உப்புப் பாலைவனத்து மேட்டுநிலச் சிறு விவசாயிகள் வளர்த்த தானியம் உலகச் சந்தையைப் பிடித்ததாம், சாமையும் பிடிக்குமாம். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். 2013 சர்வதேசக் கினோவா ஆண்டு. விலை உச்சியில் இருந்தது. அதைப் பார்த்துப் பெரு நாட்டுக் கடற்கரையில் பாசன வசதியுள்ள பெரிய பண்ணைகள் இறங்கின. 2014-இல் பெரு உற்பத்தியில் பொலிவியாவைத் தாண்டியது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. லாமா மேய்ந்த நிலத்தையெல்லாம் உழுது கினோவா போட்டிருந்த மேட்டுநிலத்துக்காரருக்கு மிஞ்சியது காற்றில் பறக்கிற மண். உலகம் ஒரு தானியத்தைக் காதலித்தால் அதை வளர்த்தவரையும் சேர்த்துக் காதலிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாமைக்கு ஏற்றுமதிக் கிராக்கி வந்தால், அதைச் சொட்டுநீர் போட்டுச் சமவெளியில் நூறு ஏக்கரில் விளைவிக்க ஆள் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாரா ஆலோசகர்?

போன தை மாதம் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு ஊரில், களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சென்னையில் சாமை அரிசி கிலோ 120 என்று சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு எதிர்பார்ப்பு எப்போதும் இருக்கும். அவர் முறத்தை நிறுத்தவே இல்லை.

"அங்க யாரு சாமி குத்தறாங்க?" என்றார்.

மெஷின் இருக்கிறது என்றேன்.

"அந்த மெஷினு இங்க இருந்தா நானு ஏன் இவன்கிட்ட போடறேன்? பாதிய தின்னுப்புட்டுப் பாதிய விப்பேன். இப்ப விக்கவும் முடியல, திங்கவும் முடியல." பிறகு என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, அது எவ்வளவு என்று கேட்டார். 20 ரூபாய் என்றேன். அதற்குத்தான் சிரித்தார்.

அந்தப் பாட்டி பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆலோசகர் எட்டுப் பக்கம் எழுதியும் தொடாத இடத்தை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். மலையிலேயே ஓடுகிற மில், அதைப் பழுதுபார்க்க மலையிலேயே பழகிய ஒரு பையன், அறுவடை மாதத்தில் ரொக்கம் வைக்கக் கூட்டுறவில் ஒரு கடன், கேழ்வரகுக்கு இருப்பதுபோல் ஒரு அரசு விலை, விடுதிப் பிள்ளைகளின் தட்டில் வாரம் இரண்டு வேளை அதே மலைச் சாமை. இவற்றில் எதுவும் மேடையில் கைதட்டு வாங்காது. செயலிக்குத்தான் கைதட்டுவார்கள்.

கட்டுரையின் மேலே முழுப் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம் போட்டிருக்கிறார்கள். விளைந்த சாமைக் கொல்லை என்று அதற்கு அடிக்குறிப்பு. சாமைக் கதிர் கிளைகிளையாகப் பிரிந்து, இளைத்துத் தொங்கும். படத்தில் இருப்பது நரிவால்போல் தடித்து வளைந்த கதிர். அது தினை.